மரபுத் தெருவில் கடைப் பெயர்ப்பலகைகளுக்கு விதி வகுப்பது எப்படி? பினாங்கு ஜார்ஜ் டவுனை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மரபுப் பகுதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை விதிகளை எழுதும் பொறுப்பு உங்கள் நகர மன்றத்துக்கோ வணிகர் சங்கத்துக்கோ வந்திருந்தால், எழுத உட்காரும் முன் அளவுநாடாவையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். வேறோர் ஊரின் விதித்தொகுப்பில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒப்புதலுக்கு வைப்பது எளிதுதான். ஆனால் பலகை மாட்டப்படப் போவது உங்கள் ஊர்ச் சுவரில். அந்தச் சுவர் எந்தக் காலத்தது, எதனால் ஆனது, கட்டியவர் பெயருக்கென்று எங்கே இடம் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரியாமல் எழுதப்படும் விதி, கடைக்காரருக்குத் தொல்லையாகவும் கட்டடத்துக்குக் காவலற்றதாகவும் முடிந்துவிடும். பழைய கடைத்தெருக் கட்டடங்கள் பெரும்பாலும் தம் பெயருக்கு உரிய இடத்தைத் தாமே வைத்திருக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அளந்து எழுதிக் கொடுப்பதுதான் விதி வகுப்பவரின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணியில் கற்றவற்றை, நான் நன்கறிந்த, மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனை வைத்தே சொல்கிறேன்.

தெருவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சூழ்ந்த காப்பு வளையம் 150.04 ஹெக்டேர். ஆனால் பெயர்ப்பலகைச் சிக்கலின் வேர் அதற்கும் முந்தையது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பிலிருந்த வரை, இங்கே பழைய குடியிருப்பாளர்களும் சிறு வணிகர்களும் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக ஒரே கடைவீட்டில் இருந்தார்கள். ஒரு கடையின் பலகை நாற்பது ஆண்டுகள் அதே இடத்தில் தொங்குவது இயல்பாக இருந்தது. 1997-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு கட்டுப்பாடு முற்றிலும் விலகியதும் வாடகை உயர்ந்தது, கடைகள் கைமாறின. பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு சுற்றுலாவும் பெருகியது. கடை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய பலகை இறங்கியது, புதியது ஏறியது, சுவரில் புதிய துளைகள் விழுந்தன.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விதி தடுக்க வேண்டியது எதை என்பது இந்தக் கதையில்தான் தெரிகிறது. உங்கள் தெருவில் கடைகள் அடிக்கடி கைமாறுகின்றனவா, அல்லது பழைய கடைகளே நிலைத்து நின்று தங்கள் பலகைகளை மட்டும் பெரிதாக்கிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது என்றால் உங்கள் விதி பொருத்தும் முறையிலும் கழற்றும் முறையிலும் கடுமையாக இருக்க வேண்டும். இரண்டாவது என்றால் அளவில் கடுமையாக இருக்க வேண்டும்.

கணக்கெடுப்பில் ஒவ்வொரு முகப்பையும் நேர் எதிரே நின்று ஒரு படம், கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையாகிய அஞ்சடிக்குள் நின்று ஒரு படம் என எடுங்கள். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜ் டவுனில் நடப்பவர் கடையைப் பார்ப்பது தெருவின் நடுவிலிருந்து அல்லவே. கூரையிட்ட அஞ்சடியில் தூண்களுக்குப் பின்னால் நடந்தபடிதான் பார்க்கிறார். அதனால்தான் பழைய கடைக்காரர்கள் தெருவைப் பார்க்கும் தூண் முகத்தில் ஒரு பெயரும், நடப்பவரை எதிர்கொள்ளும் தூணின் பக்கவாட்டில் இன்னொன்றும் எழுதினார்கள்.

கட்டடம் பெயருக்கு விட்ட இடம்

இங்கே ஒரு கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் 5 முதல் 6 மீட்டர். கீழே கடை, மேலே வீடு. முன்னால் இரு தூண்கள், அவற்றின்மேல் ஓர் உத்திரம், அதற்கு உள்ளே அஞ்சடி, அதற்குப் பின்னால் கடையின் கதவு. இந்த அமைப்பில் பெயருக்கான இடங்கள் மூன்று: உத்திரத்தின் முகம், தூண்களின் முகங்கள், அஞ்சடிக்குள் கதவுக்கு மேலுள்ள சுவர். சீனக் கடைகளில் பொன்முலாம் பூசிய செதுக்குப் பலகை தொங்குவது இந்த மூன்றாம் இடத்தில். சில கட்டடங்களில் நான்காவதாக, கூரை மறைப்புச் சுவரின் நடுவே புடைப்பெழுத்தில் உரிமையாளரின் பெயரோ கட்டிய ஆண்டோ இருக்கும். அது கட்டடத்துக்கே உரியது, வாடகைக்கு வருபவருக்கு உரியது அல்ல என்று விதியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எல்லாக் கடைவீடுகளுக்கும் ஒரே விடை பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டப்பட்ட தொடக்ககால பினாங்கு வகை வீடுகள் உயரம் குறைந்தவை. மேல்மாடி பெரும்பாலும் மரச் சட்டங்களும் கதவுகளுமாக இருக்கும். அவற்றின் முகப்பில் பலகை மாட்டினால் அது மரவேலையை மறைக்கும். அங்கே அஞ்சடிக்குள் கதவின்மேல் மட்டும் அனுமதிப்பதே பொருத்தம். 1910-களுக்குப் பிறகு வந்த அலங்கார முகப்புகளில் சன்னல்களைச் சுற்றிப் பூவேலையும் மெருகேற்றிய ஓடுகளும் நிறைந்திருக்கும். அங்கே மேல்மாடியில் எந்தப் பலகையும் கூடாது. உத்திரமும் தூணும் போதும். 1930-களுக்குப் பின் வந்த, நேர்கோட்டு வடிவங்களை விரும்பும் ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்களில் கட்டடக் கலைஞரே எழுத்துக்கான பட்டையை வரைந்து வைத்திருப்பார். அங்கே தனித்தனி எழுத்துகளை அந்தப் பட்டையில் பொருத்த இடம் தரலாம். பெட்டிப் பலகை அங்கே ஒட்டாது.

ஆகவே விதியின் முதல் இணைப்பாக, உங்கள் பகுதியின் முகப்பு வகைகளை ஒவ்வொரு பக்கத்தில் கோட்டோவியமாக வரைந்து, பெயர் எழுதக்கூடிய இடத்தை நிறமிட்டுக் காட்டுங்கள். கடைக்காரர் பத்துப் பக்கப் பிரிவுகளைப் படிக்கமாட்டார். தம் கட்டடத்தைப் போன்ற படத்தைத் தேடி, அதில் நிறமிட்ட கட்டத்தைப் பார்ப்பார். ஜார்ஜ் டவுனில் கட்டடங்கள் முதல் வகை, இரண்டாம் வகை என்றும், காலி மனையில் எழும் புதியவை, மாற்றிக் கட்டத்தக்கவை என்றும் பிரிக்கப்பட்டிருப்பதால், கண்டிப்பையும் அந்த வரிசையில் அமைக்க முடிகிறது. நினைவுச் சின்னமாகிய முதல் வகைக் கட்டடத்துக்கு ஒவ்வொரு பலகையும் தனியாக ஆராயப்பட வேண்டும். புதிதாக எழும் கட்டடத்துக்கு அளவும் வெளிச்சமும் மட்டும் பார்த்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தெருவை அழகுபடுத்துவதாகச் சொல்லி எல்லாக் கடைகளுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்துரு, ஒரே அளவில் பலகை செய்து மாட்டும் திட்டங்கள் அடிக்கடி வருகின்றன. எடுத்துக்காட்டாக ஜெய்ப்பூரின் மதில் நகரத்தைக் காட்டுவார்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளோடு அங்கே கடைகள் வரிசையாக நிற்பது உண்மையிலேயே கண்ணுக்கு இனிது. ஆனால் ஜெய்ப்பூர் 1727-ல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் ஒரே திட்டத்தில் தொடங்கிய நகரம். கடைவீதிகளே அங்கே ஒரே அளவில் எழுந்தவை. ஜார்ஜ் டவுன் அப்படிப்பட்டது அல்ல. வட்டித்தொழில் நடந்த செட்டியார் கிட்டங்கியும் சீனர் கடையும் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் வணிக மனையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பணத்தில், வெவ்வேறு விருப்பத்தில் அடுத்தடுத்து எழுந்த தெரு இது. பல இன மக்கள் கலந்து வாழும் மரபுக்கு இந்த நகரம் உயிருள்ள சான்று என்பதும் உலகப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டதற்கான காரணங்களில் ஒன்று. அந்தத் தெருவில் எல்லாப் பலகைகளையும் ஒன்றாக்கினால், காக்கப் புறப்பட்டதையே அழித்தவர்கள் ஆவோம். இடத்தையும் அளவையும் விதி பிடித்துக்கொள்ளட்டும். நிறத்தையும் எழுத்தழகையும் கடைக்காரரிடமும் எழுத்தோவியரிடமும் விட்டுவிடுங்கள்.

அளவைக் கணக்கிடும் முறை

அளவை ஒரே எண்ணாக எழுதாமல் கட்டட உறுப்பின் விகிதமாக எழுதுங்கள். நான் பரிந்துரைப்பது இது: உத்திரத்தின்மேல் வரும் பலகையின் உயரம் உத்திர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது, நீளம் இரு தூண்களுக்கு இடையிலான தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டக் கூடாது. 5.5 மீட்டர் அகலமுள்ள கடைவீட்டில் இரு பக்கமும் 45 சென்டிமீட்டர் தூண்கள் போக 4.6 மீட்டர் இடைவெளி கிடைக்கும். உத்திரத்தின் உயரம் 60 சென்டிமீட்டர் என்றால், 3.7 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பலகை, அதாவது ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர், அங்கே வரலாம். இந்த முறையில் உத்திரத்தின் ஓரக்கோடுகள் மேலும் கீழும் தெரிந்தபடி இருக்கும், தூண்கள் மறையாது, அகலமான கட்டடத்துக்குப் பெரிய பலகையும் குறுகியதற்குச் சிறிய பலகையும் தாமாகவே அமையும்.

"அவ்வளவு சிறிதாக இருந்தால் யார் கண்ணில் படும்?" என்று கேட்கும் கடைக்காரருக்குக் கணக்காலேயே பதில் சொல்லலாம். எழுத்தின் உயரம் 2.5 சென்டிமீட்டர் இருந்தால் 3 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் பழக்கத்திலுள்ள கணக்கு. இந்தத் தெருக்களில் எதிர் அஞ்சடியிலிருந்து பார்ப்பவர் ஏறக்குறைய பத்து மீட்டர் தள்ளி நிற்கிறார்; ஒன்பது சென்டிமீட்டர் எழுத்தே அவருக்குப் போதும். 40 சென்டிமீட்டர் பலகையில் அதைவிடப் பெரிய எழுத்துகளை இரண்டு வரிகளில் எழுத இடமிருக்கிறது. விரைந்து செல்லும் காருக்காக வடிவமைத்த பலகையைத்தான் நடப்பவரின் தெருவுக்குக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள்.

சுவரிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை கடைக்கு ஒன்று போதும். நடப்பவர் தலைக்கு மேல் குறைந்தது இரண்டரை மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஊர்வலம் செல்லும் தெருக்களில் இன்னும் கவனம் தேவை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. அத்தகைய பாதையில் நீட்டுப் பலகைகள் கீல் வைத்துச் சுவரோடு மடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், ஒவ்வொரு திருவிழாவிலும் ஏணி வைத்துக் கழற்றும் வேலை மிச்சமாகும்.

மொழியும் எழுத்தும்

பலகையில் என்ன எழுதுவது என்பதில் மரபு விதி தலையிடாமல் இருப்பதே நல்லது. மலேசியாவில் பலகையில் தேசிய மொழிக்கு உரிய இடம் தர வேண்டும். அதன் சொற்களை, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமாகிய டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் சரிபார்த்துக்கொள்வதும் வழக்கம். தமிழ்நாட்டில் கடைப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் உண்டு. இவை தனிச் சட்டங்கள். மரபு விதி அவற்றைச் சுட்டினால் போதும், திரும்ப எழுத வேண்டாம். உள்ளடக்கத்தைப் பார்த்து அளவை மாற்றும் விதிகள் வழக்கில் சிக்கும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கில்பர்ட் என்ற ஊர், அரசியல் பலகைகளுக்குத் தாராளமாகவும், வழிபாட்டுக்கு வழிகாட்டும் பலகைகளுக்குக் கடுமையாகவும் அளவு வைத்திருந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-ல் அந்த விதி செல்லாது என்றது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனாலும் நகைக்கடைக்கும் நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடைக்கும் ஒரே அளவு என்று எழுதுவது எங்கும் பாதுகாப்பானது.

எழுத்தின் வடிவத்தில் மட்டும் ஒரு நுட்பம் இருக்கிறது. இதை விதி வகுப்பவர்கள் கவனிப்பதே இல்லை. "எழுத்தின் உயரம் 20 சென்டிமீட்டருக்கு மிகாமல்" என்று எழுதினால், ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது முழுமையாகக் கிடைக்கும். தமிழிலோ மேலே இகர, ஈகாரக் குறிகளான விசிறியும் மெய்யெழுத்தின் புள்ளியும், கீழே உகரக் குறியும் வாலும் அந்த உயரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். "கீர்த்தி ஸ்டோர்", "முருகூர்" போன்ற பெயர்களை 20 சென்டிமீட்டர் பட்டைக்குள் அடக்கினால் எழுத்தின் உடல் பாதியாகச் சுருங்கி, ஒரே பலகையில் தமிழ் மட்டும் மெலிந்து நிற்கும். ஆகவே தமிழ் எழுத்தின் உயரத்தை 'ப' என்ற எழுத்தின் உடல் உயரத்தால் அளக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். தூணில் மேலிருந்து கீழாக எழுதும்போது இன்னொரு தவறு நடக்கிறது. சீன எழுத்து சதுரமானது, அடுக்க எளிது. தமிழில் 'கோ' என்பதை அடுக்கும்போது, கணினியில் வடிவமைப்பவர் இரட்டைக் கொம்பை ஒரு வரியிலும் 'க'வை அடுத்த வரியிலும் காலை மூன்றாம் வரியிலும் போட்டுவிடுகிறார்; படிப்பவருக்குக் கடையின் பெயரே தெரிவதில்லை. உயிர்மெய் முழுவதும் ஒரே கட்டத்தில் நிற்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம்.

சுவரில் பொருத்தும் முறை

விதித்தொகுப்புகளில் மிகக் குறைவாக எழுதப்படுவதும், கட்டடத்துக்கு மிக அதிகமான தீங்கு நேர்வதும் இந்த இடத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைவீட்டின் முகப்பிலிருந்து, மேல்மாடி முழுவதையும் மூடியிருந்த அலுமினியத் தகட்டுப் பலகையைக் கழற்றும்போது உடன் நின்றேன். தகடு இறங்கியதும் ஈர வாடை முகத்தில் அடித்தது. அடைபட்டுக் கிடந்த இரண்டு மரச் சன்னல்களின் கீழ்ச்சட்டம் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மக்கியிருந்தது. காற்றுத் துளைகள் மூன்றையும் நுரைப் பசையால் அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து, கைபட்டதும் மாவாக உதிர்ந்தது. சட்டத்தைத் தாங்க அடித்த இரும்பு போல்ட்டுகளின் துளைகளை எண்ணினேன், 34 இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் செங்கல்லின் நடுவிலேயே போடப்பட்டிருந்தன. துரு ஊதிப் பல கற்கள் பிளந்திருந்தன. கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அவருக்குப் பலகை செய்தவர் புதிய சிமெண்டுக் கட்டடத்தில் செய்வதையே இங்கும் செய்திருந்தார்.

பழைய சுவர் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் ஏறும் ஈரத்தை அது பூச்சின் வழியே வெளியே விட்டுக் காய்கிறது. மூடிய தகடு அந்த வழியை அடைத்துவிடுகிறது. எனவே எந்தப் பலகைக்கும் சுவருக்கும் இடையே 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். துளை போடுவது செங்கற்களுக்கு இடையிலான காரைச் சந்தில் மட்டும், செங்கல்லில் கூடாது. காரையைப் பிறகு நிரப்பிவிடலாம், உடைந்த பழங்கல்லுக்கு இணை கிடைக்காது. சுவருக்குள் விரிந்து இறுக்கும் வகை போல்ட்டுகள் மென்செங்கல்லைப் பிளக்கும், அவற்றைத் தடைசெய்யுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் இரும்பு ஆணி சில ஆண்டுகளில் துருவேறி ஊதும். 316 தரத் துருப்பிடிக்கா எஃகைக் கட்டாயமாக்குங்கள். முன்பே இருக்கும் துளைகளைப் பயன்படுத்த முடியுமானால் புதியவற்றுக்கு அனுமதி வேண்டாம்.

ஷாங்காய் பூச்சு உள்ள முகப்புகளுக்குத் தனி வரி எழுத வேண்டும். சிமெண்டோடு கல்துகள் கலந்து, மேற்பரப்பில் துகள்கள் தெரியும்படி செய்த, வண்ணம் பூசாத பூச்சு அது. அதில் ஒரு துளை விழுந்தால், அதே கல், அதே நிறம், அதே தேய்மானத்தோடு ஒட்டுப்போடுவது கைதேர்ந்த கொத்தனாருக்கும் கடினம். அத்தகைய முகப்பில் பலகையைத் துளையின்றி, அஞ்சடியின் உட்புறத்திலிருந்து தொங்கவிடும்படி செய்யுங்கள்.

கழற்றுவதையும் விதியில் சேருங்கள். கடையைக் காலிசெய்பவர் பலகையோடு கம்பிகளையும் அகற்றி, துளைகளைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்ப வேண்டும். சிமெண்டால் நிரப்பக் கூடாது. இதற்குச் சிறு முன்வைப்புத் தொகை வாங்கி வைத்தால், காலிசெய்யும் நாளில் வாக்குவாதம் இருக்காது.

வெளிச்சம்

உள்ளிருந்து ஒளிரும் பிளாஸ்டிக் பெட்டி, ஓடும் எழுத்து, கண்சிமிட்டும் எல்இடி ஆகிய மூன்றும் மரபு முகப்பில் வேண்டாம். பலகைக்கு மேலிருந்து படும் மஞ்சள் சாயலுள்ள விளக்கு, நிற வெப்பநிலை 2,700 முதல் 3,000 கெல்வின் வரை, போதும். மின்கம்பியை உத்திரத்தின் மேல்விளிம்பில் ஒளித்துக் கொண்டுபோக வேண்டும். மேல்மாடியில் இன்னும் குடும்பங்கள் உறங்கும் தெருக்களில் கடை மூடியதும் விளக்கு அணைய வேண்டும்.

பழைய பலகைகளைக் காப்பது

புதிய பலகைகளை அடக்குவதிலேயே முனைப்பாக இருந்து, பழையவற்றை மறந்துவிடும் விதிகள் உண்டு. இன்னும் மோசமாக, புதிய அளவுக்குப் பொருந்தவில்லை என்று பழைய பலகையையே இறக்கச் சொன்ன நிகழ்வுகளும் உண்டு. எனவே கணக்கெடுப்பின்போதே பழைய பலகைகளுக்குத் தனிப் பதிவேடு தொடங்குங்கள்: செதுக்கிய மரப்பலகை, பூச்சில் எழுப்பிய பெயர், தூணில் மங்கிய வண்ண எழுத்து, கண்ணாடியில் பொன்னெழுத்து, சுவரில் மீதமிருக்கும் பழைய விளம்பரம் அனைத்தும் அதில் வரட்டும். பதிவானவை எந்த அளவு விதிக்கும் உட்படாதவை. வணிகம் மாறினாலும் இடத்தைவிட்டு அகற்றக் கூடாதவை. புதிதாக வருபவரின் பெயருக்கு அஞ்சடிக்குள் கூடுதலாக ஓரிடம் கொடுத்தால், பழைய பெயரை மறைக்கும் தேவையும் அவருக்கு இராது.

மங்கிய எழுத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பளபளக்கும் வண்ணத்தை மேலே ஏற்றுவதையும் தடுக்க வேண்டும். தூசு துடைத்து, உதிரும் வண்ணத்தை நிலைநிறுத்தினாலே அது இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். தமிழ், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), ஆங்கிலம் என நான்கு எழுத்துகளையும் ஒரே தூணில் மங்கலாகப் பார்க்கக் கிடைக்கும் தெரு உலகில் வேறெங்கே இருக்கிறது? அந்தத் தூணுக்கு வண்ணம் அடித்துவிட்டால் அதைத் திரும்பப் பெறவே முடியாது.

கையால் எழுதும் ஓவியர்களையும் விதிக்குள் கொண்டுவாருங்கள். கையால் எழுதிய பலகைக்கு உரிமக் கட்டணத்தைக் குறைப்பது, ஒப்புதலை விரைவாகக் கொடுப்பது ஆகிய இரண்டுமே மன்றத்துக்குப் பெரிய செலவில்லாதவை. தொழிலைத் தாங்கிப் பிடிப்பவை.

ஒப்புதலும் நடைமுறையும்

ஜார்ஜ் டவுனுக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016-ல் அரசிதழில் வெளியானது. பட்டியலில் இடம்பெற்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். அந்த இடைக்காலத்தில் மாறிய முகப்புகளை மீட்பது கடினம். உங்கள் முழுத் திட்டம் தயாராகும் வரை காத்திராமல், பெயர்ப்பலகைக்கு மட்டும் இடைக்கால விதி ஒன்றை முதலில் கொண்டுவாருங்கள். பலகைகளில் தொடங்குவது பெரிய பயனும் தரக்கூடும்: சென்னையில், விளம்பரத் தட்டிகள் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த கட்டடப் பட்டியலே பின்னர் நகரின் மரபுக் கட்டடங்களைக் காக்கும் அடிப்படைப் பட்டியலாகப் பயன்பட்டது.

விண்ணப்பம் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். முகப்பின் படம், அதன்மேல் அளவோடு வரைந்த பலகை, பொருத்தும் புள்ளிகளைக் காட்டும் ஒரு சிறு வரைபடம் ஆகிய மூன்றும் போதும். நிறமிட்ட இடத்துக்குள், அளவுக்குள், காரைச் சந்தில் பொருத்தப்படும் பலகைக்குப் பணியாளரே 14 நாட்களில் ஒப்புதல் தரட்டும். அவற்றிலிருந்து விலகுவது மட்டும் குழுவுக்குப் போகட்டும். ஒப்புதல் மூன்று மாதம் இழுத்தால், வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் கடைக்காரர் காத்திருக்கமாட்டார். ஒரே இரவில் ஃபிளெக்ஸ் தட்டியை மாட்டிவிடுவார், அதில் அவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் காலத் துணித் தட்டிகளுக்கு விண்ணப்பமே வேண்டாம்: கயிற்றால் கட்டியதாக இருக்க வேண்டும், விழாவுக்கு இரு வாரம் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை மட்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் போதும்.

ஏற்கெனவே மாட்டியிருக்கும் பொருந்தாத பலகைகளை ஒரே நாளில் இறக்கச் சொல்லாதீர்கள். கடை உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், அந்த நாளையே தவணையாகப் பயன்படுத்தலாம். முதல் ஆண்டு புதுப்பித்தலின்போது எழுத்தில் அறிவிப்பு, மூன்றாம் ஆண்டு புதுப்பித்தலுக்குள் மாற்றம், இடையில் கடை கைமாறினால் உடனே மாற்றம் என்று வைத்தால் யாருடைய முதலீடும் வீணாகாது. சன்னலையோ காற்றுத் துளையையோ அடைத்திருக்கும் பலகைக்கு மட்டும் இந்தத் தவணை கூடாது. அது ஒவ்வொரு மழைக்காலத்திலும் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆறு மாதத்தில் இறக்கச் சொல்லுங்கள், கழற்றும் செலவில் ஒரு பகுதியை மன்றம் ஏற்கட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை, அதே மாதத்தில், அதே தெருக்களில் மீண்டும் படம் எடுத்து, முந்தைய ஆண்டின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகார் வந்த பிறகு ஆய்வாளரை அனுப்புவதைவிட இதற்குச் செலவு குறைவு. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. படத்தொகுப்பின் முதல் பக்கத்தில், ஒவ்வொரு படமும் எந்த இடத்தில் நின்று, எவ்வளவு உயரத்தில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டியிருக்கும்.